எதிர்ப்பக்கம் முடியும் வரை

கூடப் பிறந்த அண்ணனைக் கேலி செய்து ஒரு வார இதழில் கட்டுரை எழுதினேன். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். அந்த இதழின் பத்துப் பிரதிகளை வாங்கி, உறவினர் வீடுகளுக்கு நானே ஸ்கூட்டரில் போய்க் கொடுத்தேன். அண்ணனுக்குக் கொடுத்த பிரதியில் 'அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வருவான் என்று மூன்று நாள் மாடிப்படிப் பக்கமே நடமாடினேன். அவன் பேசவில்லை. அடுத்த இரண்டு வருடமும் பேசவில்லை.

சேலையூரில் அப்பா கட்டிய வீடு. மாடியில் அவன், கீழே நான். அவனுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கிரில் கேட் செய்கிற சின்னப் பட்டறை. தன் சாமான் எதுவானாலும் அதில் பெயிண்டால் தன் பெயரை எழுதிவிடுவான். ஏணி, வாளி, குடை, ஒட்டடைக் குச்சி. உலகத்துக்கு ஒரு கைப்பிடி வைத்திருந்தால் அதிலும் எழுதியிருப்பான் என்றும், சின்ன வயதில் என் டிபன் பாக்ஸிலேயே தன் பெயரை எழுதி அபகரித்துக்கொண்டவன் என்றும் நான் எழுதியிருந்தேன். ஊரே சிரித்தது. அவனுடைய பட்டறைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், செய்து முடித்த கேட்டைப் பார்த்து, "இதுல உங்க பேர் எங்க சார்?" என்று கேட்டாராம்.

அந்த இரண்டாவது வருடத்தில்தான் அண்ணன் மகளுக்கு வரன் அமைந்தது. நான் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன குழந்தை. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா என்று என் பெயர் வருமா, வராதா? அந்த வருடம் எனக்கிருந்த ஒரே கவலை அதுதான்.

ஆனால் இது அண்ணனைப் பற்றிய கட்டுரை இல்லை. அவனைப் பற்றி எழுதிப் பட்டது போதும். அப்போது அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண்மணியைப் பற்றியது. பெயர் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன்னால் அவரைக் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினேன் என்று தெரிந்தால் அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

தாம்பரம் சானடோரியம் பக்கத்தில், கண்ணாடி போர்த்திய ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், வெளிநாட்டுச் சட்டப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக வடிவமைத்து அனுப்புகிற நிறுவனம் அது. நாங்கள் முப்பது பேர் காலை முதல் மாலை வரை, யாரோ யார் மீதோ போட்ட வழக்குகளில் காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். மெய்ப்புப் பார்ப்பவன் எதையும் படிப்பதில்லை, பார்க்கத்தான் செய்வான். இருபது வருடம் சட்டத்தோடு புழங்கியும், வீட்டு வரிப் படிவத்தை நிரப்ப நான் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அவர் படிப்பவர். வேலைக்கு வந்துகொண்டே சட்டப் பட்டமும் வாங்கியிருந்தார். கோவிலம்பாக்கத்தில் வீடு. வாப்பாவுக்குப் பல்லாவரத்தில் தோல் பைகள் விற்கிற கடை. முப்பத்தாறு வயதில், சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, வடமேற்கு ஐரோப்பாவில் ஒரு கடலோர ஊரில் இருக்கிற பன்னாட்டு நீதிமன்றத்தின் பதிப்புப் பிரிவுக்கு ஐந்து மாதம் பயிற்சிக்குப் போனார். நாடுகள் வாதியும் பிரதிவாதியுமாக நிற்கிற நீதிமன்றம். அங்கே தீர்ப்புகளைத் தொகுதிகளாக அச்சிடுவார்கள். கூடப் பயிற்சிக்கு வந்தவர்களெல்லாம் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. முதல் நாள் இவர் உள்ளே நுழைந்ததும், பாடம் நடத்த வந்தவர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்களாம்.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நானும் திரும்பிப் பாத்தேன் சார், பின்னாடி யாரோ பெரியவங்க வராங்கன்னு."

அங்கிருந்து எனக்குக் குரல் செய்திகள் அனுப்புவார். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், இங்கே மாலை. தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, நடைமேடையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். கடற்கரை மார்க்கமாகச் செல்லும் வண்டியின் அறிவிப்பு ஒரு காதிலும், அவருடைய கடற்கரை இன்னொரு காதிலுமாகக் கலந்து வரும். எது அவர் சொன்னது, எது நானாகப் பார்த்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. சத்தமில்லாத மழை. ஈரமான செங்கல் தரை. மணி அடித்துக்கொண்டே வளைந்து போகிற டிராம். மூன்றாவது மாடியில் பச்சை விளக்குப் போட்ட நீள மேசை. அதன்மேல் வெள்ளைத் தாள்கள், கரையில் ஒதுங்கிய பறவைகள் மாதிரி. அந்த மேசையில் நான் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தேன் என்று யாராவது சாட்சி கேட்டால் சத்தியம் செய்துவிடுவேன்.

ஒரு செய்தி மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"சார், இங்க ஒரு தீர்ப்ப ரெண்டு மொழியில எதிரெதிரா அச்சடிக்கிறாங்க. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ஒரு மொழி வளவளன்னு பேசும். இன்னொண்ணு சட்டுனு முடிச்சிடும். முடிச்ச பக்கம் அடுத்த பக்கத்துக்கு ஓட முடியாது சார். கீழ வெள்ளையா விட்டுட்டுக் காத்திருக்கணும். ரெண்டும் சேந்துதான் திரும்பணும். ஒத்துக்காத நீதிபதியோட கருத்தையும் அதே எழுத்துல, அதே சைஸ்லதான் போடறாங்க. இந்த மாடியில இருபது பேர் இருக்கோம். யார் ஜெயிச்சாங்கன்னு ஒருத்தரும் பேச மாட்டாங்க. இன்னிக்கு ஒரு தீவு வழக்கு. ஆளே இல்லாத தீவு, வெறும் பறவைங்கதான். ரெண்டு நாடும் நூறு நூறு பக்கம் சொல்லியிருக்கு. பறவைங்கள யாரும் கேக்கல சார். அது மட்டும் கொஞ்சம் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அந்தப் பறவைகளைப் பற்றி நான் சேலையூர் போய்ச் சேரும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அண்ணன் சாப்பிட உட்கார்கிறான்.

ஐந்து மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். அங்கே போய்த்தான் அவருக்கு இரண்டு பக்கமும் கேட்கிற குணம் வந்தது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இல்லை. முன்பே இருந்தது. அங்கே அதற்கு ஒரு மேசையும் விளக்கும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். யார் எதைச் சொன்னாலும், சொல்லி முடிக்கும் வரை முகத்தையே பார்த்துக் கேட்பார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "அந்தப் பக்கம் என்ன சொல்றாங்க?"

வேலையிலும் அப்படித்தான். இடது ஆள்காட்டி விரல் இடது பக்கத்தில், வலது ஆள்காட்டி விரல் வலது பக்கத்தில். இரண்டும் ஒரே வேகத்தில் வரிவரியாக இறங்கும். அந்த நேரத்தில் நாம் கூப்பிட்டால் தலை நிமிராது. இரண்டு விரலும் பத்தியின் கடைசிக்கு வந்து நின்ற பிறகுதான் நிமிர்வார். தீ விபத்து ஒத்திகைக்கு மணி அடித்த அன்றும் பத்தியை முடித்துவிட்டுத்தான் இறங்கி வந்தார். நாங்கள் இருபத்தொன்பது பேரும் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம்.

ஏசி தகராறு வந்தபோது, குளிருகிறது என்கிற கட்சியையும் புழுங்குகிறது என்கிற கட்சியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார். பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாகப் படிக்க வேண்டும் என்றார். ஏசி அதே இருபத்து நான்கில்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் களைத்துப் போய்விட்டதால் சண்டை நின்றுவிட்டது.

மாலையில் தாம்பரம் கிழக்கிலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம். நான் சேலையூரில் இறங்கிக்கொள்வேன், அவர் மேடவாக்கம் போய் மாறுவார். ஒருநாள், மூன்று பேர் உட்காரும் இடத்தில் நான்காவது ஆளை ஏற்றியதற்கு ஒரு பெரியவர் டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"மனுஷங்களா, மூட்டையா? இப்படித் திணிக்கிற?"

"இன்னா சார், டெய்லி உன்னோட பேஜாரா கீது. புட்ச்சா வா, இல்லேன்னா எறங்கிக்கோ."

இவர் நடுவில் சொன்னார்: "அண்ணா, அவர் முடிச்சிடட்டும். அப்புறம் நீங்க சொல்லுங்க."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "யம்மா, நீ இன்னா ஜட்ஜா?"

"இல்லண்ணா. ஜட்ஜுங்க சொன்னத அச்சடிக்கிற எடத்துல கொஞ்ச நாள் இருந்தேன்."

"அப்ப எழுதிக்கோ. காத்தால ஆறு மணிக்கு வண்டி எட்த்தவன் நானு..." என்று டிரைவர் ஆரம்பித்தார். கேஸ் பங்கில் நிற்பது, பள்ளிக்கூட நேரத்து நெரிசல், வூட்டில் மாமியாருக்கு முட்டிவலி எல்லாம் வந்தது. பெரியவரே "அட பாவமே" என்றார். டிரைவர் முடித்தபோது ஆட்டோ செம்பாக்கத்தில் இருந்தது. சேலையூரில் இறங்க வேண்டிய நான் வெயில் தாழ்ந்த சாலையில் திரும்ப நடந்தேன்.

இதெல்லாம் சிரிக்கத் தோதான சங்கதிகள். சிரிக்க முடியாததும் உண்டு. எங்கள் பிரிவில் ஒரு பெண், கணவனோடு சண்டை போட்டுவிட்டு வந்து, சாப்பாட்டு அறையில் அழுதாள். எல்லோரும் தோளைத் தட்டிக்கொண்டிருந்தோம். இவர் கைக்குட்டை கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், கேட்டு முடித்தார். பிறகு மெதுவாக, "அவர் என்ன சொல்றார்?" என்றார்.

அந்தப் பெண் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஒரு வாரம் இவரோடு பேசவில்லை.

"அந்த நேரத்துல கேக்கலாமா மேடம்?" என்றேன்.

"கேக்கக் கூடாதுதான். வாய்ல வந்துடுது சார். உம்மாவும் இதத்தான் சொல்றாங்க. என்னப் பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேணாம்னு சொல்லிட்டுப் போனப்ப, அவங்களுக்கும் ஏதாவது காரணம் இருக்கும்னு சொன்னேன். உம்மா தட்டத் தூக்கி எறிஞ்சிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய சிரிப்புகளில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டவரிடம் போய்த்தான் நான் என் அண்ணனைப் பற்றிப் புகார் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, அதில் என் பெயர் இல்லை என்று அண்ணன் மகளே என் மனைவியிடம் சொல்லி அழுதிருந்தாள். "சித்தப்பா ஒரு தடவ வந்து பேசினா என்னவாம்?" என்று கேட்டாளாம். எனக்கு நியாயம் பொங்கியது. ஒரு நகைச்சுவைக் கட்டுரைக்கு இவ்வளவு கோபமா? இரண்டு வருடமா? மதியச் சாப்பாடு ஆறும் வரை பேசினேன். அவர் கேட்டார்.

"அந்தப் பக்கம் என்ன சொல்றாங்க?"

"அந்தப் பக்கம்தான் பேசவே மாட்டேங்குதே!"

"சரி, நீங்களே எழுதிக் கொண்டாங்க. ரெண்டு பக்கமும்."

எழுதினேன். என் பக்கம் நான்கு தாள் வந்தது. அண்ணன் பக்கம் எட்டு வரி. அவர் தன் கணினியில் இரண்டையும் எதிரெதிரே, தீர்ப்புத் தொகுதி மாதிரியே வடிவமைத்து அச்செடுத்தார். இடது பக்கம் முழுக்க என் நியாயம், சிற்றெறும்பு மாதிரி. வலது பக்கத்தில் எட்டு வரி, அதற்குக் கீழே வெள்ளை. அடுத்த தாளில் வலது பக்கம் முழுவதும் வெள்ளை. அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும்.

இரண்டு விரலையும் வைத்தார். வலது விரல் எட்டாவது வரியில் நின்றுவிட்டது. இடது விரல் மட்டும் தனியாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த விரல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு என்னவோ கூச்சமாக இருந்தது.

"இந்த எட்டு வரியும் உங்க குரல் சார். 'எனக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது'ன்னு எந்த அண்ணனும் சொல்ல மாட்டாரு. இத நான் பாஸ் பண்ண மாட்டேன்."

கணினியில் எட்டு வரியையும் நீக்கிவிட்டு மறுபடி அச்செடுத்தார். இப்போது வலது பக்கம் முழுதும் சுத்தமான வெள்ளை.

"மேடம், நீங்க என் பக்கமா, அவன் பக்கமா?"

"எனக்கு அவரத் தெரியாதே சார்" என்றார், என்னமோ என்னைத் தெரியும் என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். இரண்டு வருடத்தில் படிகள் உயர்ந்திருந்தன. அண்ணன் மொட்டைமாடியில் ஏணியைச் சாய்த்து வைத்து, வெயிலில் மங்கிப்போன தன் பெயரை மறுபடி பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தான். மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று வண்டு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன?" என்றான்.

"இதுல ஒரு பக்கம் காலியா இருக்கு."

"அதுக்கு?"

"நீ சொல்லு, எழுதிக்கிறேன்."

"புக்குல போடவா?"

"இல்ல."

"எத்தன காப்பி வாங்கப் போற?"

தாள்களை நீட்டினேன். அவன் தாள்களை வாங்கி, பிரஷைக் கையில் வைத்துக்கொண்டே என் நான்கு பக்கங்களையும் படித்தான். மூன்றாம் பக்கத்தில் நின்றான்.

"டிபன் பாக்ஸ இதுலயும் விடலையா நீ?"

"எழுதியிருந்தியே?"

"எழுதினேன். ஏன்னு எப்பவாவது கேட்டியா?"

பிரஷை என் பக்கம் நீட்டினான்.

"நீ மூணாங்கிளாஸ். வாரத்துக்கு ஒண்ணு தொலைப்ப. குடை, செருப்பு, டிபன் பாக்ஸ். வீட்டுக்கு வந்தா அப்பா பெல்ட்ட எடுப்பாரு. உன் பேர எழுதினா ஸ்கூல்ல எவனுக்குடா தெரியும்? நான் எட்டாங்கிளாஸ், லீடர். என் பேர் இருந்தா எவன் எடுத்தாலும் எங்கிட்ட கொண்டாந்து குடுப்பான். அப்பா வரதுக்குள்ள உன் பையில வச்சிடுவேன்."

விமானம் ஒரு சுற்றுப் போய் வந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் தைரியமா தொலைப்ப." பிரஷைப் பெயிண்ட் டப்பாவில் தோய்த்தான். "எழுதிக்கிட்டியா?"

"ம்."

"அப்ப ஏணி விஷயத்தையும் எழுது. பட்டறையில ஏணி யார்து யார்துன்னு அடிதடி வந்திச்சு..."

பன்னிரண்டு மணி வரை சொன்னான். ஒட்டடைக் குச்சிக்கும் காரணம் இருந்தது. வலது பக்கங்கள் நான்கும் நிறைந்து, ஐந்தாவது தாளுக்குப் போனது. இப்போது வெள்ளையை விட்டுக் காத்திருக்க வேண்டியது என் பக்கம்.

முடித்ததும் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பு. "நீ இதானே வேலை பாக்கற? பாத்துக் குடு. நாளைக்குப் பிரஸ்ஸுக்குப் போகணும்."

வெயிலில் நின்று இரண்டு முறை பார்த்தேன். காற்புள்ளியெல்லாம் சரியாக இருந்தது. "ஒரு பேர் விட்டுப் போயிருக்கு" என்றேன்.

"விட்டுப் போனதச் சேக்கறது ப்ரூஃப் பாக்கறவன் வேல. எங்கிட்ட ஏன் கேக்கற?" என்று ஏணிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை அவரிடம் தாள்களைக் கொடுத்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு விரல்களும் இறங்கின, ஒரே வேகத்தில், ஐந்து தாள்களும். நான் காத்திருந்தேன். கடைசி வரியில் நிமிர்ந்து கேட்டார்:

"அப்பா ஏன் பெல்ட்ட எடுத்தாரு? அவர் பக்கம் யார்கிட்ட கேக்கறது?"

அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அன்று முழுவதும் எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. மாலையில் ஷேர் ஆட்டோவில் அவர் இடப்பக்கமும் நான் வலப்பக்கமுமாகப் பேசாமல் போனோம்.

கல்யாணத்துக்கு வந்தார். பெண் வீட்டார் வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், எழுந்துபோய் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் அதே அளவு நேரம் உட்கார்ந்தார். அண்ணனுக்கு அவரை அறிமுகப்படுத்தினேன். "நீங்கதானா?" என்று அவன் கும்பிட்டான். பந்தியில் அவருக்கு அவனே நின்று பாயசம் ஊற்றினான்.

அந்த வருடக் கடைசியில் அவர் வேலையை விட்டுப் போனார். வேறொரு நாட்டில், வேறொரு நீதிமன்றத்தின் பதிப்புப் பிரிவில் நிரந்தர வேலை என்றார். கொஞ்ச நாள் குரல் செய்திகள் வந்தன. அங்கே பனி பெய்வதாகவும், பனியில் சாலையின் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுவதாகவும் சொன்னார். பிறகு வாரம் மாதமாயிற்று. பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள். இப்போதும் சில மாலைகளில் தாம்பரத்தில் அந்தக் கடைசிப் பெஞ்சில் உட்கார்கிறேன். கண்ணை மூடினால் பச்சை விளக்கும், வரிவரியாக இறங்குகிற இரண்டு விரல்களும் தெரிகின்றன. நான் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவை பத்தியின் கடைசிக்கு வரவில்லை. கண்ணைத் திறந்தால் செங்கல்பட்டு வண்டி கிளம்பிப் போயிருக்கிறது.

போன மாதம், மேசையைச் சுத்தம் செய்தபோது அந்த ஐந்து தாள்கள் கிடைத்தன. அவர் வைத்த முறையிலேயே, இரண்டு பக்கமும் சேர்ந்தே திரும்பும்படி அழகாக வடிவமைத்து, புதிதாக ஒரு பிரதி எடுத்தேன். ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போடாமல் மாடிக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தான். காபி ஆறிப்போனது. தாள்களை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"நியாயமாத்தான் இருக்கு" என்றான். "ஆனா புக்குல வந்த பழசு தேவலடா. அதுலயாவது சிரிப்பு வந்திச்சு."